இசைக்கருவி வகுப்பில் மென்பொருள்: எங்கே தவறு நடக்கிறது?

இசைக்கருவி வகுப்புக்குள் கணினி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். சுருதி மாறாமல் ஒரு பகுதியின் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்பது ஒரு காலத்தில் முடியாத காரியம். இன்று ஒரு சொடுக்கில் முடிகிறது. ஆனால் இந்த வசதிகளைக் கையாளும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றின் விளைவு குழந்தையின் கையிலும் காதிலும் தங்கிவிடுகிறது.

முதல் தவறு, திரை காட்டும் மதிப்பெண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. மைக் வழியே கேட்டு, சரியான சுரத்தைப் பச்சையாகவும் தவறானதைச் சிவப்பாகவும் காட்டும் பயிற்சி மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் கவனிக்கின்றன: சுருதி, நேரம். தோள் இறுகியிருப்பதோ, மணிக்கட்டு மடங்கியிருப்பதோ, வில் சாய்ந்து நாதம் கரகரப்பதோ அதன் கணக்கில் வராது. பச்சை வந்தால் போதும் என்று குழந்தையும் பழகிக்கொள்ளும். நான் விரும்பும் வழி எளிமையானது. முதலில் திரையைத் திருப்பி வையுங்கள். குழந்தை வாசிக்கட்டும். எங்கே பிசகியது என்று அதன் வாயாலேயே சொல்லட்டும். அப்புறம் திரையைச் சேர்ந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நல்ல பாடம் கிடைக்கும்.

சிவப்பும் எப்போதும் நியாயமாக இருக்காது. மேல் ஸ்தாயியையும் கீழ் ஸ்தாயியையும் குழப்பிக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. சுரத்தை வழுக்கியோ அசைத்தோ வாசித்தாலும் சில தடுமாறும். 'ஏ' சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று மென்பொருளில் வைத்துவிட்டு, 435-இல் நிற்கும் பழைய பியானோவோடு வயலினைச் சேர்த்தால், எல்லாச் சுரமும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதாகவே அதற்குத் தெரியும். குழந்தையைத் திருத்தும் முன் அமைப்புப் பக்கத்தில் அந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது தாமதம். இதை ஆசிரியர்கள் இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். விசையை அழுத்திய கணத்துக்கும் ஒலி காதுக்கு வரும் கணத்துக்கும் இடையே 10 மில்லி விநாடி இருந்தால் கவலையில்லை. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வர ஆகும் நேரம்தான் அது. ப்ளூடூத் ஹெட்போனில் இது 100 மில்லி விநாடியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடிதான். அதாவது ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக ஒலி பிந்துகிறது. அதை ஈடுகட்ட விரல் முந்தி ஓடப் பழகும். லயம் நன்றாக இருந்த பிள்ளையையே இது கெடுத்துவிடும். எனவே வயர் உள்ள ஹெட்போனே போதும், அதுவே நல்லது. ஒலி அமைப்பில் பஃபர் அளவையும் பாருங்கள், அதாவது கணினி ஒலியை எத்தனை மாதிரிகளாகச் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பதை: விநாடிக்கு 44,100 மாதிரி வேகத்தில் 1024 என்று வைத்தால் அதனால் மட்டும் 23 மில்லி விநாடி பிந்தும், 256 என்றால் 6 தான். மிகவும் குறைத்தால் ஒலி படபடவென்று விட்டுவிட்டுக் கேட்கும், அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

கணினியின் எழுத்து விசைகளைப் பியானோவாகப் பயன்படுத்துவது அறிமுகத்துக்குச் சரி, அதோடு நிறுத்திவிடுங்கள். கணினியோடு இணைக்கும் மிடி இசை கீபோர்டு அழுத்தத்தை 1 முதல் 127 வரை அளக்கிறது. எழுத்து விசைக்கு மெல்ல, பலமாக என்ற வேறுபாடே கிடையாது. சாதாரண விசைப்பலகைகளில் சில மூன்று விசைச் சேர்க்கைகள் பதிவாவதே இல்லை. குழந்தை சரியாக அழுத்தியும் ஒரு சுரம் காணாமல் போகும்.

மியூஸ்கோர் போன்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்களில் குழு இசைக்குத் தாள் தயாரிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. பி பிளாட் கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியதை வாசித்தால் 'பி பிளாட்' ஒலிக்கும். ஒலிக்கும் சுரத்தையே தாளில் காட்டும் கான்செர்ட் பிட்ச் பொத்தானை அணைக்காமல் அச்சிட்டால் கிளாரினெட் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முழுச்சுரம் இறங்கி வாசிப்பார்கள். பழி அவர்கள்மேல் விழும்.

ஒரே அறையில் முப்பது மைக் வைத்தால் ஒவ்வொன்றும் பக்கத்துப் பிள்ளையைத்தான் கேட்கும். இரண்டு மூன்று கணினிகளோடு முறை வைத்து அனுப்புங்கள், மற்றவர்கள் சேர்ந்து வாசிக்கட்டும். பின்னணித் தடம் யாருக்காகவும் காத்திருக்காது. பக்கத்தில் இருப்பவர் மூச்செடுப்பதைக் கேட்டுத் தொடங்குவதை மனிதரோடு வாசித்தால்தான் கற்கலாம்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, பதிவு செய்யாமலே ஆண்டை முடிப்பது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். மாதம் ஒருமுறை அதே நான்கு வரிகளை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, தேதியோடு சேமித்து வையுங்கள். மதிப்பெண் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். நான்காவது மாதம் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள்.