கால்சியம் சமிக்ஞையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபுக்குப் புதிதாக வருபவர்கள் ஃபுரா-2 (கால்சியத்தைப் பிடித்தால் ஒளிர்வு மாறும் சாயம்) வரைபடத்தை நீட்டும்போதே, அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். சாயத்தை வெளிச்சத்தில் வைக்காதே, செல்லைக் காயவிடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சராசரியை நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு மாணவி ஹீலா செல்களுக்கு (லேபில் வளர்க்கும் மனிதச் செல்கள்) கால்சியத்தை ஏறவைக்கும் ஹிஸ்டமின் கொடுத்திருந்தார். செல்லின் உள்திரவமான சைட்டோசோலில் கால்சியம் 100 நானோமோலாரிலிருந்து 600 வரை ஏறி இறங்கியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியத்தை விடும் வாயிலான யூனிபோர்ட்டர் நன்றாக வேலை செய்யப் பல மைக்ரோமோலார் வேண்டும். ஆகவே மைட்டோகாண்ட்ரியாவுக்கு இதில் பங்கில்லை என்று முடிவுகட்டி, அடுத்த கட்டச் சோதனைகளுக்கான மருந்துகளையும் வாங்கிவிட்டார். எல்லாம் வீண்.

அவர் அளந்தது செல் முழுவதற்குமான சராசரி. கூடத்தில் வெப்பமானியை மாட்டிவிட்டு அடுப்பு சுடவில்லை என்பது போலத்தான் இது. செல்லின் கால்சியக் கிடங்கான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும் பல இடங்களில் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. அந்தக் கிடங்கின் கால்சியச் சேனலான ஐபி3 ஏற்பி திறந்ததும் அந்த இடுக்கில் மட்டும் கால்சியம் பல மைக்ரோமோலாருக்கு எகிறும். சற்றுத் தள்ளிப் போவதற்குள் அதில் பெரும்பகுதியைப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும். ஃபுரா-2 பாதி நிறைவது சுமார் 200 நானோமோலாரில். அந்த இடுக்கிலேயே இருந்தாலும் உச்சத்தை அதனால் காட்ட முடியாது. ரிசுட்டோவும் சகாக்களும் கால்சியம் பட்டால் ஒளிரும் ஏக்குவோரின் புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே அனுப்பி அளந்து, 1993-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? சென்சாரை இலக்குக்குள்ளேயே வையுங்கள். அப்புறம் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ, பாப்டா இரண்டையும் செல்லுக்குள் ஏற்றி ஒப்பிடுங்கள். கால்சியத்தின் மேல் இரண்டுக்கும் ஈர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாப்டா பிடிக்கும் வேகம் பல மடங்கு அதிகம். பாப்டா சமிக்ஞையை நிறுத்தி, ஈஜிடிஏ நிறுத்தவில்லை என்றால், கால்சியம் வரும் வாயும் அதை வாங்கும் இடமும் மிக அருகில் இருக்கின்றன.

தாப்சிகார்ஜின் சேனலைத் திறக்கிறது என்று எழுதுவது

திறப்பதில்லை. இந்த மருந்து, கால்சியத்தைக் கிடங்குக்குள் ஏற்றும் சேர்க்கா பம்பை அடைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கசிவால் கிடங்கு காலியாகிறது. அதனால்தான் ஏற்றம் மெதுவாக இருக்கும். கிடங்கு காலியானதை உணர்ந்த ஸ்டிம்1 புரதம், செல்சவ்வுக்கு அருகே கூடி அங்குள்ள ஓராய்1 சேனலைத் திறக்கும். பிறகு வெளியே கால்சியம் சேர்த்ததும் வரும் இரண்டாவது ஏற்றம் வெளியிலிருந்து நுழைவது. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டாதீர்கள்.

கால்சியம் சேர்க்காத கரைசல்

அதிலும் சில மைக்ரோமோலார் இருக்கும். ஈஜிடிஏ போடுங்கள், பிஎச்-ஐயும் சரிபாருங்கள். கால்சியத்தைப் பிடிக்கும்போது அது புரோட்டான்களை விடும்.

37 டிகிரியில் சாயம் ஏற்றுவது

சாயம் செல்லின் உள்ளுறுப்புகளுக்குள்ளும் போய்ச் சேரும். முதலில் அறை வெப்பத்தில் முயலுங்கள்.

2-ஏபிபி

இந்தத் தடுப்பு மருந்து ஐபி3 ஏற்பியையும் தடுக்கும், ஓராயையும் தடுக்கும், குறைந்த அளவில் ஓராயைத் தூண்டவும் செய்யும். இதை மட்டும் ஆதாரமாக வைத்து எதையும் எழுதாதீர்கள்.