குளிசையும் பழச்சாறும்: எதை நிறுத்துவது, எதைத் தள்ளிவைப்பது

குளிசையைத் தண்ணீரில் விழுங்குங்கள். ஜூஸ் குடிக்க ஆசையென்றால் எந்தப் பழம், எந்தக் குளிசை என்று கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டுக் குடியுங்கள். பழச்சாறு மருந்தோடு மோதும் வழி ஒன்றல்ல. ஒன்றுக்குச் சொல்லும் பரிகாரம் மற்றதற்குப் பலிக்காது.

முதலில் ஜம்போலா என்கிற பம்பளிமாஸ். கிரேப்ஃப்ரூட்டும், மாமலேட் போடும் கசப்புத் தோடையும் இதே வகை. நம் குடல் சுவரில் சி.வை.பி.3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. விழுங்கிய மருந்தில் ஒரு பங்கை அது அங்கேயே சிதைத்துவிடும்; அந்த இழப்பையும் சேர்த்துத்தான் குளிசையின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். இந்தப் பழங்களிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற இரசாயனங்கள் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகின்றன; சிதையாத மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறிவிடும். குடல் புதிதாக நொதி செய்துகொள்ள 1 முதல் 3 நாள் பிடிக்கும். அதனால் காலையில் ஜம்போலா, இரவில் குளிசை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. ஒரு கிளாஸ், சுமார் 200 மி.லீ., போதும், சுளையாகத் தின்றாலும் அதே கதைதான்.

இது தற்செயலாகத் தெரியவந்தது. கனடாவில் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கலந்தார்கள். இரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியிருந்தது. 1989இல் அதை வெளியிட்டார்கள்.

பிரஷருக்கு ஃபெலோடிபின், நிஃபெடிபின். கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ்: இவை எழுதியிருந்தால் ஜம்போலா வேண்டாம். பிரஷர் குளிசை ஏறினால் தலைசுற்றும், கணுக்கால் வீங்கும். கொலஸ்ட்ரோல் குளிசை ஏறினால் தசை வலிக்கும். சிறுநீர் பிளேன்டி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜம்போலாவை விட மனமில்லாதவர்கள் டொக்டரிடம் மாற்றிக் கேட்கலாம். நீங்களாகக் குளிசையை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியது பழத்தை.

இரண்டாவது வழி இதற்கு நேரெதிர். பிபிலைத் தோடம்பழ ஜூஸ், பெட்டியில் வரும் அப்பிள் ஜூஸ் போன்றவை, சில மருந்துகளைக் குடலிலிருந்து உள்ளே ஏற்றிவிடும் புரதங்களை அடைத்துவிடுகின்றன. மருந்து ஏறாமலே வெளியே போய்விடும். அலர்ஜிக்குக் கொடுக்கும் ஃபெக்ஸோஃபெனாடின், பிரஷருக்கான அட்டெனோலோல் இதில் மாட்டும். குளிசை போட்டும் தும்மல் நிற்கவில்லையென்றால் எதோடு விழுங்கினீர்கள் என்று யோசியுங்கள். இந்த அடைப்பு சில மணி நேரத்தில் விலகும். 4 மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

கர்ப்பிணிகளின் இரும்புக் குளிசைக்குத் தோடம்பழமும் தேசிக்காயும் உதவிதான், விட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும். கெடுப்பது தேயிலை. குளிசைக்கு 1 மணி நேரம் முன்னும் 2 மணி நேரம் பின்னும் தேத்தண்ணி குடிக்காதீர்கள். கல்சியம் குளிசையை வேறு வேளைக்கு வையுங்கள். மலையகத்தில் தேத்தண்ணியைத் தள்ளிவைப்பது கஷ்டம்தான், ஆனால் படுக்கும் நேரத்தில் குளிசை போட்டால் இடைவெளி தானாக வந்துவிடும்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் காமரங்காயைத் தொடவே கூடாது. ஜூஸாகப் பிழிந்தால் ஆபத்து இன்னும் கூடும். விடாத விக்கல், தடுமாற்றம், வலிப்பு வரலாம். அவர்கள் லோசார்டான், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தால் தம்பிலியும் தோடம்பழ ஜூஸும் எவ்வளவு என்று டொக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும், பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.