கேரவனில் ஹாலஜனைக் கழற்றி எல்இடி மாட்டுவது எப்படி?

எங்கள் கேரவனில் ஆறு ஹாலஜன் பல்புகள், ஒவ்வொன்றும் 10 வாட். ஆறும் எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் போகும். மாலையில் நான்கு மணி நேரம் எரியவிட்டால் 20 ஆம்பியர்-மணி காலி. இப்போது அதே ஆறு இடத்திலும் 2 வாட் எல்இடி. மொத்தமே 1 ஆம்பியர்தான்.

1. பழைய பல்பைப் பாருங்கள்

ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டுக் கழற்றுங்கள். ஹாலஜன் கண்ணாடி கையைச் சுட்டுவிடும். இரண்டு மெல்லிய கம்பிகள் 4 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அது ஜி4. தள்ளித் திருப்பிக் கழற்றும் வகை என்றால் பிஏ15. அடியில் ஒரு முனையா இரண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜி4 எல்இடி பல்புகளில் கம்பி பின்பக்கம் நீட்டியிருப்பவை உண்டு, பக்கவாட்டில் நீட்டியிருப்பவையும் உண்டு. விளக்கின் கூட்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்த பிறகே வாங்குங்கள். சில கேரவன்களில் வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்குகளும் இருக்கும். அவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது.

2. வோல்ட்

நான் ஏமாந்தது இங்கேதான். முதலில் வாங்கிய பல்புகளில் ‘12 வோல்ட்’ என்று மட்டும் போட்டிருந்தது. பேட்டரியும் 12, பல்பும் 12, அப்புறம் என்ன என்று மாட்டிவிட்டேன். மூன்றே வாரத்தில் இரண்டு மினுக்கத் தொடங்கின, ஒன்று அணைந்தே போனது. பகலில் சோலார் சார்ஜ் ஆகும்போது ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 14.4 வோல்ட்!

12 வோல்ட் என்பது பேட்டரிக்குப் பெயர், அவ்வளவுதான். முழுதாக நிறைந்து சும்மா இருக்கும்போதே 12.7 காட்டும், சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். ஹாலஜன் இழை அதைச் சமாளித்துவிடும். மலிவான எல்இடி பல்புக்குள் மூன்று எல்இடிகளும், கரண்டைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும் வரிசையாக இருக்கும். மூன்றுக்கும் ஏறக்குறைய 9 வோல்ட் போக, மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில். 14.4 வந்தால் அந்த 3 வோல்ட் 5.4 ஆகிவிடும். அதாவது, கரண்ட் 1.8 மடங்கு. சூட்டில் எல்இடி கருகாமல் என்ன செய்யும்?

அதனால் ‘10–30 வோல்ட் டிசி’ என்று அச்சிட்ட, உள்ளே டிரைவர் (வோல்ட் ஏறினாலும் கரண்டைச் சீராக வைக்கும் சின்ன சர்க்யூட்) உள்ள பல்பையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

3. நிறமும் வெளிச்சமும்

நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் குறைந்தால் இதமான மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 2700 முதல் 3000 கெல்வின் வரை வாங்குங்கள். 6000 கெல்வின் வெளிச்சத்தில் சின்ன அறைக்குள் உட்கார்ந்து ஒரு மாலையைக் கழிக்க என்னால் முடியவில்லை. வாட்டைப் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். 10 வாட் ஹாலஜனுக்கு ஈடாக 150 லூமன் தாராளம்.

4. மாட்டுதல்

ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, இரண்டு நாள் எரியவிட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். மாட்டியும் எரியவில்லையா? திருப்பி மாட்டுங்கள். ஹாலஜனுக்கு பிளஸ், மைனஸ் கணக்கில்லை, சில எல்இடிகளுக்கு உண்டு. அப்படியும் எரியாவிட்டால் ஹோல்டரின் பிடி பழைய சூட்டில் தளர்ந்திருக்கலாம். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மெல்லிய இடுக்கியால் லேசாக நெருக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பல்பு மாற்றியதும் எஃப்எம் ரேடியோ இரைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பல்புக்குள் இருக்கும் டிரைவர் வேகமாக ஆன்-ஆஃப் ஆவதால் வரும் இரைச்சல் அது. ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தால் எந்தப் பல்பு என்று தெரிந்துவிடும். அதன் ஒயரில், பல்புக்கு அருகிலேயே ஒரு ஃபெரைட் கிளிப் (ஒயரைச் சுற்றிக் கவ்வி, இப்படிப்பட்ட இரைச்சலைக் குறைக்கும் சின்னத் துண்டு) மாட்டிப் பாருங்கள். குறையாவிட்டால் அந்த ஒரு பல்பை மட்டும் வேறு தயாரிப்புக்கு மாற்றுங்கள்.