பழைய கம்பளத்தை வீட்டில் கழுவுவது: டெல்லி மொட்டை மாடியில் செய்கிற முறை

டெல்லியில் நம் ஆட்கள் வீடுகளுக்குக் கார்பெட் பார்க்கப் போனால் அடிக்கடி கேட்கிற கதை ஒன்றுதான். அப்பா சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலையில் இருந்தபோது ஸ்ரீநகருக்கு டூர் போய் வாங்கி வந்தது, ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ் ஹாலில் கிடந்தது, அப்புறம் மயூர் விஹார் ஃபிளாட்டுக்கு வந்ததும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டாச்சு, இப்போது பிரித்தால் ஒரே தூசி, அங்கங்கே பூச்சி அரித்திருக்கிறது, வீட்டிலேயே கழுவலாமா? கழுவலாம். எல்லாக் கம்பளத்தையும் இல்லை, ஆனால் பலவற்றைக் கழுவலாம். பழைய கம்பளங்களைக் கழுவிப் பழுதுபார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பதோஹி பக்கத்துக்காரர், ஊரே கம்பளம் நெய்கிற இடம். அவரிடம் கற்றதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் தண்ணீருக்குப் பங்கு கொஞ்சம்தான். முக்கால்வாசி வேலை தண்ணீர் தொடுவதற்கு முன்னாலும், கழுவி முடித்த பின்னாலும் இருக்கிறது. நேரே பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனால் கம்பளம் போயிற்று.

முதலில் புரட்டிப் பாருங்கள்

பவானி ஜமக்காளம் எல்லோர் வீட்டிலும் இருந்திருக்கும். அதில் நெடுக்கே ஓடுகிற பாவு நூல், குறுக்கே ஓடுகிற ஊடு நூல், அவ்வளவுதான். கம்பளத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: இரண்டிரண்டு பாவு நூலாகப் பிடித்து அதில் ஒரு கம்பளி இழையை முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவார்கள். வரிசை வரிசையாக நிற்கும் அந்த இழை நுனிகள்தான் நம் காலுக்கு மெத்தென்று படுவது, கம்பளத்தின் மயிர் என்று நான் சொல்வதும் அதைத்தான். அதனால் கையால் முடிச்சிட்ட கம்பளத்தைப் புரட்டினால் முன்பக்கத்து டிசைன் பின்பக்கமும் அப்படியே தெரியும். ஓரத்துக் குஞ்சம் அழகுக்குத் தைத்தது இல்லை, பாவு நூலின் நுனியேதான். அழுக்காக இருக்கிறதென்று அதை வெட்டிவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து கம்பளம் பிரிய ஆரம்பிக்கும்.

பின்பக்கம் டிசைன் தெரியாமல் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட், இழைகளைப் பசை போட்டு நிறுத்தியது. அதை நனைக்க வேண்டாம்.

அடுத்து நெருப்புச் சோதனை. ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்து, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேல் கொளுத்துங்கள். தலைமுடி கருகிய நாற்றம் வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி, அல்லது அசல் பட்டு. காகிதம் எரிகிற வாசம் வந்தால் பருத்தி, அல்லது பட்டு என்று சொல்லி விற்கிற விஸ்கோஸ். உருகி மணி மாதிரி கெட்டியானால் சிந்தெடிக். இங்கே சொல்லப்போவது கம்பளிக்கு மட்டும். பட்டையும் விஸ்கோஸையும் ஆரம்பக்காரர்கள் தொடக் கூடாது, விஸ்கோஸ் நனைந்தாலே வலுவிழந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்காமல் செய்யுங்கள். கம்பளத்தின் ஒரு மூலையைக் காதருகே கொண்டுபோய் மெதுவாக வளையுங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தம் கேட்டால் உள்ளே பருத்திப் பாவு மக்கிவிட்டது என்று அர்த்தம். பூந்தொட்டியை அதன்மேல் வைத்திருந்த வீடுகளில் இது சகஜம். அந்தக் கம்பளம் நனைந்து கனத்தால் தன் எடையிலேயே கிழியும். அதோடு நிறுத்திக்கொண்டு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தூசி: பாதி நாள் இதற்கே

டெல்லித் தூசி மாவு மாதிரி. மேலே தெரிவது கொஞ்சம், மீதி முடிச்சுகளின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். நடக்க நடக்க அந்த மணல்தான் கம்பளியை அடியிலிருந்து அறுக்கிறது. தண்ணீர் பட்டால் அதுவே சேறாகி முடிச்சுக்குள் இறுகிவிடும்.

சுத்தமான தரையில் பழைய பெட்ஷீட் விரித்து, கம்பளத்தைக் குப்புறப் போடுங்கள். உள்ளங்கையால், அல்லது பிரம்பால் லேசாக, முதுகு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். தூக்கிப் பார்த்தால் பெட்ஷீட்டில் செம்மண் நிறத்தில் ஒரு படலம் இருக்கும், கோலப்பொடி கொட்டின மாதிரி. உதறிவிட்டு மறுபடி. என் கையில் நாலைந்து சுற்று வரை போகும், நல்ல பழைய கம்பளம் என்றால் எட்டுக்கூட ஆகும். பெட்ஷீட்டில் எதுவும் விழாத வரைக்கும் விடாதீர்கள். பிறகு நிமிர்த்திப் போட்டு வாக்வம் க்ளீனர், சுழல்கிற பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு, வெறும் குழாய் வாயால், மயிர் படிந்திருக்கிற திசையில் மட்டும். குஞ்சத்துப் பக்கம் வாக்வத்தைக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹோலிக்குத் தூவுகிற குலால் வண்ணப்பொடி கொட்டியிருந்தாலும் இதே வழிதான், ஈரத்துணியைப் பார்த்தால் குலால் சாயமாகிவிடும்.

பூச்சி அரித்திருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு வேலை. இருட்டில், சோபாவுக்கு அடியில் கிடந்த பகுதியில்தான் தேட வேண்டும். மெல்லிய வெள்ளைக் கூடுகளும் மணல் மாதிரி எச்சமும் தெரியும். இரு பக்கமும் நன்றாக வாக்வம் பிடியுங்கள். சின்ன விரிப்பு என்றால் பாலிதீனில் காற்றுப் போகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் செத்துவிடும். ஆனால் கருப்பு, கரும்பழுப்பு இடங்கள் மட்டும் செதுக்கின மாதிரி பள்ளமாக இருந்தால் பூச்சியைக் குறை சொல்லாதீர்கள். அந்த நிறம் வர அந்தக் காலத்தில் இரும்பு உப்பைச் சேர்ப்பார்கள், அது வருஷக்கணக்கில் கம்பளியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கம்பளத்தின் மேல் ஒரு மரியாதையே வரும், நிறைய வயசானது என்று.

சாயம் போகுமா?

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக் கம்பளத்தை நான் கெடுத்திருக்கிறேன். வெறும் தண்ணீரில் சோதித்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை, சரி என்று சோப்பு போட்டேன். அலசும்போது சிவப்பு பக்கத்து வெண்மைக்குள் ஓடியது. எவ்வளவோ முயன்றும் அந்த இளஞ்சிவப்பு போகவில்லை. அந்த அம்மா திட்டவில்லை, கம்பளத்தைத் தடவிக்கொண்டே நின்றார்கள். அது இன்னும் மனசில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு தடவை சோதிப்பேன், ஒரு தடவை வெறும் தண்ணீரில், ஒரு தடவை கழுவப்போகிற அதே சோப்புத் தண்ணீரில். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து நிறத்தின் மேல் வைத்து, கனமான டம்ளரை மேலே வைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். துணியில் லேசாக நிறம் ஏறினாலும் கழுவ வேண்டாம்.

பழசு என்றால் இயற்கைச் சாயம்தான், போகாது என்று நம்பாதீர்கள். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வகைச் சாயங்கள் கம்பள ஊர்களுக்கும் வந்துவிட்டன. நூறு வருஷம் தாண்டிய கம்பளத்திலும் ஓடுகிற சிவப்பு இருக்கலாம். மஞ்சிட்டிச் சிவப்பும் அவுரி நீலமும் நன்றாக ஏற்றியிருந்தால் அசையாது, ஆனால் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல எனக்கே இன்னும் பயம்.

சோப்பு: ஆரத்தித் தட்டுச் சோதனை

கம்பளி என்பது ஆட்டு மயிர், நம் முடி மாதிரி புரதம். காரத்தன்மை உள்ள சோப்பு அதை முரடாக்கும், சாயத்தையும் கிளப்பும். துணி துவைக்கிற பவுடர்கள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை, சிலவற்றில் புரதக் கறையைக் கரைக்கிற என்சைமும் உண்டு. ப்ளீச்சோ கம்பளியையே கரைத்துவிடும். ஸ்வெட்டருக்கென்று விற்கிற திரவ சோப்புதான் வேண்டும், ஈஸி மாதிரி.

நீங்கள் வாங்கியது சரியானதா என்று பார்க்க நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதல்லவா, சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அதற்குக் காரணம். வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளை நீர் விட்டுக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். கழுவப்போகிற அளவுக்குக் கலக்கிய சோப்புத் தண்ணீரை அதில் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் சரி. செம்பழுப்பாக மாறினால் அந்தச் சோப்பு கம்பளத்துக்கு ஆகாது.

சாம்பார் கொட்டின இடத்தில் சோப்பு போட்டதும் சிவந்துபோகிறதே, அதுவும் இதேதான். பயந்துபோய்த் தேய்க்காதீர்கள். வெள்ளை வினிகரில் நாலு மடங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் திரும்ப மஞ்சளாகும். மிச்ச மஞ்சள் வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கும். சுற்றிலும் துணியால் மூடி, கறையை மட்டும் இளவெயிலில் காட்டுங்கள்.

கழுவுவது

மூன்றுக்கு ஐந்து அடிக்கு மேல் தனியாக எடுக்காதீர்கள், நனைந்தால் தூக்க முடியாது. டெல்லியில் மார்ச் பின்பாதியும் ஏப்ரலும், மழை விட்ட அக்டோபரும்தான் நல்ல நேரம். மே, ஜூனில் ஆந்தி என்கிற புழுதிக் காற்று அடித்துக் கழுவினதெல்லாம் வீணாகும், ஜூலையிலிருந்து ஈரம் காயாது, ஜனவரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு நின்றுவிடும், காலையில் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது.

மொட்டை மாடித் தரையைக் கழுவி, லேசாகச் சரிவான இடத்தில் கம்பளத்தைக் குப்புற விரித்து நனையுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு மூடி சோப்பு. முதுகை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து அலசி, நிமிர்த்திப் போட்டு முன்பக்கம். மயிர் படிந்த திசையிலேயே பிரஷ் போக வேண்டும், எதிர்த்திசையில் போனால் இழை பிசிறும். குஞ்சத்தைக் கையால் மட்டும். ஊறவைக்காதீர்கள், சோப்பு பட்டதிலிருந்து கடைசி அலசல் வரை அரை மணிக்குள் முடியட்டும். பதோஹி பக்கம் மரப்பலகையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி எடுப்பார்கள். வீட்டில், விளிம்பு மழுங்கிய மரப்பலகை ஒன்று இருந்தால் மயிர்த் திசையில் அழுத்தித் தள்ளுங்கள், கலங்கலாக வரும், மறுபடி நீர் விட்டுத் தள்ளுங்கள், தெளிந்த நீர் வரும்வரை. கடைசி வாளியில் அரைக் கப் வெள்ளை வினிகர்.

காயவைப்பது

இங்கேதான் நிறைய பேர் கோட்டைவிடுகிறார்கள். துணிக்கொடியில் போடாதீர்கள், ஈரக் கனத்தில் அந்த ஒரு மடிப்பில் பாவு நூல் அறுந்துவிடும். பழைய டவல்களோடு சேர்த்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, சார்பாய் என்கிற கயிற்றுக் கட்டிலில் விரியுங்கள். கீழேயும் மேலேயும் காற்று போகும், சார்பாயைவிட நல்ல ஸ்டாண்டை நான் இதுவரை பார்க்கவில்லை. நிழலில், பெடஸ்டல் ஃபேனை அடியில் திருப்பி வையுங்கள். வெயில் வந்துவிட்டால் முதுகை வெயிலுக்குக் காட்டுங்கள், முகத்தை அல்ல. மூன்று மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும்.

ஒரு நாளுக்குள் காய்ந்தாக வேண்டும். தாமதமானால் பூஞ்சை வரும், அடியிலிருக்கிற பருத்தியின் பழுப்பு ஈரத்தோடு குஞ்சத்துக்கு ஏறிவிடும். காய்ந்ததா என்று மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இழைகளை விலக்கி முடிச்சின் அடியில் புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எந்தப் பழுதை நீங்களே பார்க்கலாம்

குஞ்சத்துப் பக்கம் முடிச்சுகள் கழன்று வந்தால் உடனே கட்டுங்கள். காஜா எடுக்கிற தையலைத் தெரியும்தானே, அதையே கொஞ்சம் இடைவெளி விட்டு, அரைவெள்ளைப் பருத்தி நூலில், இரண்டிரண்டு பாவு நூலாகப் பிடித்து, ஊசி இரண்டு மூன்று ஊடு உள்ளே இறங்கும்படி போட்டுக்கொண்டே போனால் அதற்கு மேல் பிரியாது. பசை, டேப், ஸ்கெட்ச் பேனா எதுவும் வேண்டாம், பின்னால் பழுதுபார்க்கிறவர் அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

ஓட்டையில் புது முடிச்சுப் போடுவது, பட்டுக் கம்பளம், நாய்ப் பூனை மூத்திரம் ஊறியது, சாயம் ஓடுகிறது, பாவு மக்கியது, இவை எல்லாம் ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. கிழிசலை இழையோட்டிச் சரிசெய்கிற ரஃபூகரிடம் கொடுக்கும்போது சால்வை வேலைக்காரரா கம்பள வேலைக்காரரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நஜீபாபாத் ரஃபூகர்கள் பேர்போனவர்கள், ஆனால் அவர்கள் கைவேலை பெரும்பாலும் சால்வையில்தான், கம்பள முடிச்சு வேறு. கழுவக் கொடுத்தால் எங்கே காயவைப்பீர்கள் என்று கேளுங்கள். இடத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், மறுபடி சுருட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால் மடிக்காதீர்கள், பாலிதீனும் வேண்டாம். துவைத்துக் காயவைத்த பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைச் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து வெளிச்சத்தில் போட்டு இரு பக்கமும் தட்டுங்கள். ஹாலிலேயே விரிக்க இடம் இருந்தால் அதைவிட நல்லது, மனுஷர் நடமாடுகிற இடத்துக்கு அந்துப்பூச்சி அவ்வளவாக வராது.