பரலோக நம்பிக்கையைப் பற்றி வாசிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்த பிறகே பரலோகத்தைப் பற்றிய புத்தகத்தைத் தேடுகிறார்கள். அவர்கள் இடறும் இடங்கள் மாறுவதே இல்லை. தொடக்கத்தில் நான் இடறிய இடங்களும் அவைதான்.

சரீரத்தைக் கழித்துவிட்டு வாசிப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். ‘ஆத்துமா பறந்துவிட்டது, உடல் வெறும் பழைய சட்டை’ என்பதோடு நின்றுவிடும் கையடக்கத் தியானப் புத்தகங்கள் பல உண்டு. கிறிஸ்தவ நம்பிக்கை அவ்வளவுதான் என்று வாசிப்பவரும் எண்ணிவிடுகிறார். மரித்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது உண்மை. பிலிப்பியர் நிருபத்தில் பவுல் அதைச் சொல்கிறார். அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை முழுக்க முழுக்கச் சரீர உயிர்த்தெழுதலுக்குக் கொடுத்திருக்கிறார். ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் அதை அறிக்கையிடுகிறோம். வீடு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு, கணவரை அடக்கம் செய்த வாரத்தில் யாரோ அப்படியொரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். “அவர் ஒட்டுக் கட்டாத மரம் தோப்பில் இல்லை. அந்தக் கை ஆண்டவருக்கு இனி வேண்டாமா, ஐயா?” என்று கேட்டார். பல மாதம் வேதத்தையே திறக்கவில்லை. ஒரு அரைகுறைப் புத்தகம் செய்த சேதம் அது.

பிறகு அவரோடு உட்கார்ந்து அந்த 15-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். விதைத்தது சாகாவிட்டால் உயிர்பெறாது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசிக்கச் சொன்னார். கொட்டை ஊன்றிக் கன்று வளர்த்தவருக்கு நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. அடுத்து லூக்கா 24: உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் முன்னிலையில் மீன் சாப்பிடுகிறார். யோவான் 20: அவர் கைகளில் ஆணிக் காயம் இருக்கிறது. கடைசியாக வெளிப்படுத்தல் 21: புதிய எருசலேம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனிதரிடத்தில் வாசமாயிருக்கிறார். நீங்களும் இந்த வரிசையில் வாசியுங்கள். எந்தப் புத்தகத்தையும் வாங்கும் முன் பொருளடக்கத்தில் உயிர்த்தெழுதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘பரலோகம் போய் வந்தேன்’ புத்தகங்கள்

வேண்டாம். மூன்றாம் வானத்தைப் பற்றி எழுதிய பவுலே, அங்கே கேட்டது மனிதர் பேசக்கூடாதது என்று நிறுத்திக்கொண்டார்.

அழக்கூடாது என்று எடுத்துக்கொள்வது

1 தெசலோனிக்கேயர் 4 துக்கத்தைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறது. லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

ஒரே மூச்சில் முடிப்பது

நாளுக்கு இரண்டு பக்கம் போதும். ஆங்கிலப் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் நோயுற்று மரணத்தை எதிர்பார்த்திருந்தபோது எழுதத் தொடங்கி 1650-இல் வெளியிட்ட ‘The Saints’ Everlasting Rest’ என்ற நூலில், பரலோகத்தை எப்படித் தியானிப்பது என்பதற்கே ஒரு முழுப் பகுதி இருக்கிறது. தமிழிலேயே எழுந்தது வேண்டுமென்றால் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியம் (1894) இருக்கிறது. செய்யுள் கடினமாகத் தோன்றினால், பொருள் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள்.