டாரட்: மூன்று சீட்டை ஒரே வாக்கியமாகப் படிக்கப் பழகுவது

டாரட் என்ற படச்சீட்டுகளை வைத்துக் குறி சொல்லப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான். 78 சீட்டுக்கும் பொருள் தெரியும். மூன்றை வரிசையாக வைத்தால் பேச்சு வராது. முதல் சீட்டுக்கு ஒரு பலன், அடுத்ததற்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு ஒன்று என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடிப்பார்கள். கேட்க வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரிங்க, அப்ப நான் என்ன பண்றதுங்க?" என்பார்.

சேர்க்கைகளை மனப்பாடம் செய்து இதைத் தீர்க்க முடியாது. 78 சீட்டில் மூன்று, வரிசை மாறி மாறி விழ 4,56,456 வழி உண்டு. யாராலும் உருப்போட முடியாது. நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த இலக்கணம் இந்த வேலைக்குப் போதும்.

படி 1: சீட்டுக்கட்டைச் சரிபார்ப்பது

நீங்கள் வாங்கும் முதல் சீட்டுக்கட்டு ரைடர்-வெய்ட்-ஸ்மித் வகையாக இருக்கட்டும். 1909ல் லண்டனில் வந்தது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். 56 சிறு சீட்டுகளிலும் ஆட்களோ காட்சியோ இருப்பதுதான் இதன் லாபம். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் கப்ஸ் 5 என்றால் ஐந்து கோப்பை மட்டும்தான். அதில் சேர்க்கை படிப்பது இரண்டாம் வருடப் பாடம்.

பெட்டியைப் பிரித்ததும் எண்ணுங்கள். மேஜர் எனப்படும் பெரிய சீட்டு 22. சிறு சீட்டில் வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு) தலா 14. பல கட்டுகளில் விளம்பரச் சீட்டோ வெற்றுச் சீட்டோ ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும், எடுத்துவிடுங்கள். எண்ணையும் பாருங்கள்: இந்த வகையில் ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11. மார்செய் வகையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஒரு கட்டை வைத்துக்கொண்டு வேறு கட்டின் விளக்கத்தைப் படித்தால் குழப்பம் இங்கேதான் தொடங்கும்.

படி 2: கலைப்பது

இதில் கோட்டை விட்டால் மற்ற எல்லாமே வீண். புதுக் கட்டு வரிசையாக அடுக்கப்பட்டே வரும். அரைகுறையாகக் கலைத்தால் கப்ஸ் 4, 5, 6 ஒட்டியபடியே விழும். பழகுகிறவர் "அடேங்கப்பா, மூணும் கப்ஸ்!" என்று பெரிய பலன் சொல்லிவிடுவார். உண்மையில் அது அச்சகத்தின் வரிசை.

கையில் பிரித்துப் பிரித்துப் போடும் கலைப்பு மெதுவானது. சீட்டுகள் கொத்துக் கொத்தாகவே நகரும். இரண்டு பாதியாக்கி விரலால் சரசரவென்று கோக்கும் முறை வேகமானது. 52 சீட்டுக்கு அப்படி ஏழு முறை வேண்டும் என்று 1992ல் பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் காட்டினார்கள். ஆனால் டாரட் சீட்டு பெரியது, அப்படிக் கலைத்தால் நடுவில் வளைந்துவிடும். நல்ல வழி: தரையில் துணி விரித்து, எல்லாச் சீட்டையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் மூன்று நிமிடம் துழாவுவது. பவானி ஜமக்காளம் இருந்தால் அதன்மேல் ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். முரட்டு நெசவு நேரடியாக உரசினால் சீட்டின் பளபளப்பு போய்விடும்.

துழாவும்போது சீட்டு தலைகீழாகவும் திரும்பும். தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பலன் சொல்வதா வேண்டாமா என்பதைக் கலைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பழகுகிறவர்கள் முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் நேராகத் திருப்பிப் படிப்பதே நல்லது.

படி 3: கேள்வியைச் செதுக்குவது

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி பார்த்திருப்பீர்கள். பக்தர் கனவில் வந்த பொருளை, பூ கேட்டு உத்தரவான பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். வைத்த பொருள் எதைக் கவனிக்கச் சொல்கிறது என்பதுவரைதான் தெளிவு. விலை ஏறுமா இறங்குமா என்று ஊர் இரண்டு விதமாகவும் பேசும். டாரட் சீட்டும் அப்படித்தான் வேலை செய்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

ஆகவே "மஞ்சள் வெல ஏறுமுங்களா?" என்பது சீட்டுக்கான கேள்வி இல்லை. "இன்னும் மூணு மாசம் இருப்பு வெச்சா நான் எதைச் சமாளிக்கணும்?" என்பது கேள்வி. "எப்போது", "ஆகுமா" என்று முடிவதை எல்லாம் "எதை", "எப்படி" என்று மாற்றுங்கள்.

படி 4: எழுவாய், செயப்படுபொருள், பயனிலை

பெரும்பாலான புத்தகங்கள் மூன்று சீட்டை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பிரிக்கும். சேர்க்கை பழக அது உதவாது, காலம் மூன்றையும் தனித்தனியே நிறுத்திவிடும். பதிலாகத் தமிழ் வாக்கியமாகப் படியுங்கள். இடது சீட்டு எழுவாய், நடுவில் இருப்பது செயப்படுபொருள், வலது சீட்டு பயனிலை. தமிழில் வினை கடைசியில்தானே வரும். கடைசிச் சீட்டைப் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்: "தெரிஞ்சவரோட கூட்டுச் சேர்ந்து திருப்பூர்ல எட்டு பவர் டேபிள் தையல் மெஷின் போடலாம்னு இருக்கேனுங்க. எதைப் பாத்துக்கணும்?" விழுந்தவை பென்டக்கிள்ஸ் 3, ஸ்வார்ட்ஸ் 7, ஜஸ்டிஸ்.

முதலில் படத்தை மட்டும் சொல்லுங்கள். பென்டக்கிள்ஸ் 3ல் கொத்தர் ஒருவர் வேலை செய்ய, இருவர் வரைபடத்தோடு நிற்கிறார்கள். ஸ்வார்ட்ஸ் 7ல் ஒருவன் ஐந்து வாளைத் தூக்கிக்கொண்டு, இரண்டை விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தபடி நழுவுகிறான். ஜஸ்டிஸில் தராசும் வாளும். கோத்தால்: "சேர்ந்து செய்யும் வேலை, கண்ணுக்குத் தெரியாமல் போவதை, எடை போட்டாக வேண்டும்." அதாவது தொழில் நல்லது; துணி, பீஸ் கணக்கு, ஜாப் ஒர்க் பில் இவற்றை இருவரும் பார்க்கும்படி எழுத்தில் வையுங்கள்.

அதே சீட்டுகள் ஜஸ்டிஸ், பென்டக்கிள்ஸ் 3, ஸ்வார்ட்ஸ் 7 என்று விழுந்தால் வாக்கியம் கவிழ்ந்துவிடும்: "ஒப்பந்தம் இருந்தும், கூட்டு வேலையிலிருந்து, நழுவுகிறது." இங்கே பத்திரம் போட்டதை நம்பிச் சும்மா இருப்பதுதான் ஆபத்து. சீட்டு மாறவில்லை, வினை மாறிவிட்டது.

இரண்டிலும் "உங்க கூட்டாளி திருடன்" என்று சொல்ல இடமே இல்லை. நழுவுவது கேட்டவராகவும் இருக்கலாம்.

படி 5: பக்கத்துச் சீட்டு தூக்குமா, அமுக்குமா

1888ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தார் சொல்லிவைத்த கணக்கு இது. வாண்ட்ஸ் நெருப்பு, கப்ஸ் நீர், ஸ்வார்ட்ஸ் காற்று, பென்டக்கிள்ஸ் மண். நெருப்பும் நீரும் ஒன்றையொன்று அமுக்கும். காற்றும் மண்ணும் அப்படியே. ஒரே பூதம் பக்கத்தில் இருந்தால் பலம் கூடும். மற்ற ஜோடிகள் நட்பு. நடுச்சீட்டை வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள்.

மேலே சொன்ன முதல் வரிசையில் ஸ்வார்ட்ஸ் 7 காற்று. இடது பக்கம் மண், அமுக்குகிறது. வலது பக்கம் ஜஸ்டிஸ்; அது மேஜர் சீட்டு, அதற்குச் சொல்லப்பட்ட ராசி துலாம், அதாவது காற்று, தூக்கிவிடுகிறது. ஆக நழுவல் முழுப் பலத்தோடு இல்லை, முழுதாய் ஒழியவும் இல்லை. வார்த்தையின் அழுத்தத்தை இதை வைத்துக் குறைத்துக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ளலாம். பொருளை மாற்றக் கூடாது.

நம் ஊரில் இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். டெத் சீட்டுக்கு விருச்சிகம் என்று படித்ததும் "எனக்கும் விருச்சிக ராசிங்க" என்று பயப்படுவார்கள். நம் ராசி நிரயன முறையில் சந்திரன் நின்ற இடம். டாரட்காரர்கள் எடுப்பது மேற்கத்திய சாயன ராசி. இரண்டுக்கும் ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். ஜாதகத்தையும் சீட்டையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

படி 6: சில சேர்க்கைகள், நிதானமாக

பென்டக்கிள்ஸ் 5, பிறகு 6: பனியில் நொண்டி நடப்பவர்கள், அடுத்துத் தராசோடு காசு கொடுப்பவர். உதவி வரும், ஆனால் அளந்து வரும். 6 முதலில், 5 பிறகு என்றால் கொடுத்தவர் நொடிக்கிறார்; கைமாத்து, ஜாமீன் கையெழுத்து பற்றிக் கேளுங்கள்.

ஸ்வார்ட்ஸ் 6, கப்ஸ் 8: இரண்டுமே கிளம்புகிற சீட்டு. ஒன்றில் படகோட்டி ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகிறார். மற்றதில் ஒருவர் தனியாக, நிலா வெளிச்சத்தில், கோலூன்றி நடக்கிறார். குடும்பத்தோடு இடம் மாறுவதா, மனசு மட்டும் விலகிவிட்டதா என்பதை எந்தச் சீட்டு கடைசியில் நிற்கிறதோ அது சொல்லும்.

லவர்ஸ், டெவில்: படத்தை அருகருகே வையுங்கள். ஒன்றில் தேவதைக்குக் கீழே இருவர்; மற்றதில் அதே அமைப்பில் சாத்தானுக்குக் கீழே சங்கிலியோடு இருவர். சங்கிலி கழுத்தில் தொளதொளவென்றுதான் கிடக்கிறது. விரும்பிச் சேர்ந்தது வழக்கத்தால் கட்டிப்போட்டிருக்கிறது என்று பொருள். சீர், சபை, சொந்தம் என்று எல்லாம் கலந்த கல்யாணக் கேள்வியில் இது விழுந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

மூன், ஸ்வார்ட்ஸ் 9: தூக்கம் கெட்ட பயம். இரண்டு சீட்டுமே நடந்த எதையும் காட்டுவதில்லை. ஆகவே "ஏதோ நடக்கப்போகுது" என்று சொன்னால் அது உங்கள் கற்பனை.

டெத் பக்கத்தில் எந்த ஏஸ் (ஒரு வகையின் ஒன்றாம் சீட்டு) வந்தாலும், முடிகிற ஒன்றின் இடத்தில் தொடங்குவது என்ன என்று அந்த ஏஸின் பூதம் சொல்லும். உயிர் போவதைப் பற்றிய பேச்சே வரக் கூடாது.

பார்வைத் திசையும் உண்டு. நைட் என்றால் குதிரை வீரன் சீட்டு. கப்ஸ் நைட், பென்டக்கிள்ஸ் நைட் இருவரும் வலப்பக்கம் பார்ப்பார்கள். வாண்ட்ஸ், ஸ்வார்ட்ஸ் நைட்கள் இடப்பக்கம். கப்ஸ் நைட் இடதிலும் வாண்ட்ஸ் நைட் வலதிலும் விழுந்தால் எதிரெதிரே பார்க்கிறார்கள், இடம் மாறினால் முதுகைக் காட்டுகிறார்கள். இரண்டு பேர் பற்றிய கேள்வியில் இது நன்றாகக் கைகொடுக்கும். மற்ற கேள்விகளில் அலங்காரம்தான்.

படி 7: "அதிகம்" என்பதற்குக் கணக்கு

பத்துச் சீட்டு போட்டால் சராசரியாக மூன்று மேஜர் வரும். நான்கு வந்ததற்கே விதி என்று பேசாதீர்கள், ஐந்தாறு வந்தால் கவனியுங்கள். "கப்ஸ் ஒண்ணுகூட வரல, பாசமே இல்ல" என்பதும் அவசரம். பத்துச் சீட்டில் குறிப்பிட்ட ஒரு வகை வராமலே போவது ஏறக்குறைய எட்டுக்கு ஒரு முறை தானாக நடக்கும். ஆனால் மூன்று ஏஸ் சேர்ந்து வருவது அபூர்வம். கட்டில் இருப்பதே நான்கு.

எழுதாத விதிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

டாரட் 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியது. குறி கேட்கப் பரவலாகப் பயன்பட்டது 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான். ஆகவே "முதல் கட்டை யாராவது பரிசாகத் தரணும்", "தீட்டு நாளில் தொடக் கூடாது" போன்றவற்றைச் சீட்டின் மேல் ஏற்ற வேண்டியதில்லை. கடையில் வாங்குங்கள். பட்டில் சுற்றுவதும் கட்டாயமில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும்போது மூடியுள்ள டப்பா போதும்.

இவற்றை மட்டும் விடாதீர்கள்:

ஒரே கேள்வியை உடனே மறுபடி போடாதீர்கள். கோயிலில் வந்த பூ பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பப் பூ கேட்பதில்லையே. நிலைமையில் ஏதாவது மாறியபின் கேட்கலாம்.

விளங்காத சீட்டுக்கு விளக்கச் சீட்டு ஒன்று எடுக்கலாம், ஒன்றே ஒன்று. நான்கு எடுத்தால் பிடித்த பதில் வரும்வரை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கலைக்கும்போது துள்ளி விழுவதை எண்ணுவதா வேண்டாமா என்று முன்பே சொல்லுங்கள். மூன்று நான்கு சேர்ந்து கொட்டினால் அது கைநழுவல், திரும்ப உள்ளே போடுங்கள்.

அங்கே இல்லாதவரின் மனசைப் படிக்க வேண்டாம். "என்ர மருமகப் புள்ள என்ன நெனைக்குதுன்னு பாருங்க" என்றால், "நீங்க அவங்ககிட்ட எப்படிப் பேசலாம்னு பாக்கலாமுங்க" என்று திருப்புங்கள். நோய், கர்ப்பம், ஆயுள், கோர்ட் தீர்ப்பு நான்குக்கும் சீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். நம் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரும் எப்படியோ ஒறம்பரையாகத்தான் இருப்பார். காசு வாங்குவதாக இருந்தால் தொகையைச் சீட்டு கலைக்கும் முன்பே பேசிவிடுங்கள், பலன் சொன்னபின் பரிகாரம் என்று கூட்டாதீர்கள்.

பயிற்சிக்கு நாளைக்கு ஒரு மூன்று சீட்டு. நோட்டில் தேதி, கேள்வி, விழுந்த வரிசை, அதன்கீழ் ஒரே ஒரு வாக்கியம், பதினைந்து சொல்லுக்குள். வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காலியாக விடுங்கள். முப்பது நாள் கழித்து அங்கே நடந்ததை எழுதுங்கள், பழைய வாக்கியத்தை அடித்துத் திருத்தாமல்.