லூகாவைத் தேடிப் போவது எப்படி?

இன்றுள்ள எல்லா உயிர்களுக்கும் பொதுவான கடைசி மூதாதைக்கு லூகா என்று பெயர். அதுதான் முதல் உயிர் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதோடு கூட வாழ்ந்தவற்றின் வம்சம் அற்றுப்போய், இதன் வம்சம் மட்டும் பிழைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதன் புதைபடிவம் எதுவும் கையில் இல்லை. மரபணுக்களில்தான் தேட வேண்டும், வீட்டுக் கணினியே போதும்.

பாக்டீரியா, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள், நம்மைப் போன்ற உட்கரு உள்ளவை, மூன்றிலும் சேர்த்து இருபது இனங்களை எடுங்கள். எல்லா உயிரிலும் இருக்கும் மரபணுதான் வேண்டும், செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்கு உரியது மாதிரி. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுத்தான் ஆர்க்கியாவைத் தனிக் கிளை என்று கண்டார்கள். ஜென்பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்தில் மரபணு வரிசைகள் இலவசம். மாஃப்ட் மென்பொருளில் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, ஐக்யூ-ட்ரீ என்ற இன்னொரு மென்பொருளில் போட்டால் வம்ச மரம் வந்துவிடும்.

சரி, வேர், அதாவது லூகா நிற்கும் இடம், எங்கே? படத்தில் வேர் மாதிரி தெரிவதை நம்பாதீர்கள், மென்பொருள் ஏதோ ஒரு இனத்தை ஓரத்தில் வைத்து வரைகிறது. வெளியே நிறுத்தி ஒப்பிட லூகாவின் வம்சத்தில் சேராத உயிர் எதுவும் இல்லையே! இதற்கு ஒரு அழகான வழி உண்டு. புரதம் கட்டும் வேலையில் உதவும் இ.எஃப்-டியூ, இ.எஃப்-ஜி என்ற இரண்டும் லூகாவுக்கு முன்பே ஒரே மரபணு இரட்டித்துப் பிறந்தவை, அதனால் எல்லா உயிரிலும் இரண்டுமே உண்டு. இரண்டின் புரத வரிசைகளையும் ஒரே மரத்தில் போடுங்கள், ஒரு பாதி மறு பாதிக்கு வேரைக் காட்டும்: ஒரு பக்கம் பாக்டீரியா, மறுபக்கம் ஆர்க்கியாவும் நாமும். மனித வரிசையை எடுக்கும்போது மட்டும் கவனம், மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரியதை எடுத்துவிட்டால் மனிதன் பாக்டீரியாக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுவான்.

அப்புறம், இரு பக்கமும் இருக்கும் மரபணுவெல்லாம் லூகாவுடையது என்று எழுதிவிடாதீர்கள், நுண்ணுயிர்கள் மரபணுவைப் பக்கத்திலிருப்பவற்றிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். 2016இல் ஒரு ஜெர்மன் குழு அப்படிக் கைமாறியவற்றைக் கறாராகக் கழித்தபோது, சுமார் 61 லட்சம் மரபணுக்களை அலசியும் 355 குடும்பங்கள்தான் தேறின. 2024இல் வந்த ஆய்வு கைமாறுவதையும் கணக்குக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு, லூகாவிடம் சுமார் 2,600 புரதங்கள் இருந்திருக்கும் என்றது. வயது சுமார் 420 கோடி ஆண்டுகள். அதற்கும் அதே இரட்டை மரபணு உத்திதான், ஒரே மரத்தில் லூகா இரண்டு இடத்தில் வருவதால் தேதியை இரண்டு முறை சரிபார்க்க முடிகிறது.